புழல் ஏரியிலிருந்து பறந்தவர்கள்

புழல் ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திராவிட்டாலும், சென்னையில் வசிப்பவராயின் அதன் நீரை நிச்சயம் குடித்திருப்பீர்கள். செங்குன்றம் ஏரி என்றும், ஆங்கிலேயர் காலத்து வழக்கப்படி ரெட்ஹில்ஸ் ஏரி என்றும் இதனை அழைப்பதுண்டு. 1876-இல் சென்னை நகரின் குடிநீர்த் தேவைக்காக விரிவாக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி ஆகும். கோடை வந்துவிட்டால் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று தினந்தோறும் செய்தித்தாளில் தேடுகிறோம். இவ்வளவு பழகிப்போன இந்த ஏரியில் ஒரு காலத்தில் விமானங்கள் வந்து இறங்கின, இங்கிருந்தே எழும்பிப் பறந்தன என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். அந்த விமானங்களில் சென்றவர்களுள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. விமானத்தோடு மறைந்துபோன மனிதர்களையும், விபத்தில் பிழைத்தவர்களையும் வரலாறு எவ்வாறு தேடிக் கண்டுபிடிக்கிறது, அவர்கள் கதையை எவ்வாறு பிழையின்றிச் சொல்வது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

ஏரியில் ஒரு விமானத்தளம்

1942-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஜப்பானியப் படைகள் பர்மாவிலும் அந்தமான் தீவுகளிலும் நுழைந்தன. வங்காள விரிகுடா போர்க்களமாயிற்று. ஏப்ரல் மாதத்தில் படையெடுப்பு வரும் என்ற அச்சத்தால் மதராஸ் மக்களில் பெரும்பகுதியினர் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியேறினார்கள். அவ்வாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் புழல் ஏரிக்கு வந்து சேர்ந்தது. போர் முடியும் காலம் வரையில் அதன் பெரும்பணி இங்கிருந்துதான் நடைபெற்றது. 1944 மார்ச்சில் 628-ஆம் ஸ்குவாட்ரன் இந்த ஏரிக்கரையிலேயே அமைக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் கலைக்கப்பட்டது.

இவர்கள் ஓட்டியவை கேட்டலினா என்னும் பறக்கும் படகுகள். இவற்றின் அடிப்பாகம் படகைப் போன்றே அமைந்திருக்கும். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 104 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். சாதாரணமாக எட்டு முதல் பத்துப் பேர் இதில் செல்வார்கள். வேகம் குறைவு, நீண்ட பறப்பில் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் இருபது மணி நேரத்திற்கு மேலும் வானிலேயே இருக்கவல்லது.

கடல் பக்கத்திலேயே இருக்கையில் ஏரியை ஏன் நாடினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ராயபுரம், எண்ணூர்க் கரைகளில் அலை ஓயாமல் மடிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு விடை தானே விளங்கும். பறக்கும் படகு அத்தகைய அலையில் இறங்கினால் கவிழ்ந்துவிடும். மேலும் உப்புநீர் உலோகத்தை அரிக்கும். நீண்டு பரந்த, அலையில்லாத நன்னீர்ப் பரப்பு கடலுக்கு 15 கிலோமீட்டர் தொலைவிலேயே கிடைத்தபோது அதை விட்டுவிடுவார்களா? ஏரியிலிருந்து கிழக்கு நோக்கி எழும்பிய கேட்டலினா ஐந்தே நிமிடத்தில் திருவொற்றியூரைத் தாண்டிக் கடலுக்கு மேல் சென்றுவிடும்.

ஆயினும் அமைதியான நீரிலும் ஆபத்து உண்டு. காற்றே இல்லாத வேளையில் ஏரி கண்ணாடி போலாகிவிடும். சிற்றலை கூட இல்லாத நீரின் மீது இறங்கும் விமானி, தாம் நீர்மட்டத்திற்கு எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. வானமும் நீரும் ஒன்றாகத் தெரியும். இரவில் இன்னும் கடினம்.

நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்காணிப்பது, வணிகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் செல்வது, மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பித் தத்தளித்தவர்களைத் தேடுவது ஆகியவை இந்த விமானங்களின் பணிகள். ஜப்பானியர் வசமிருந்த கரைகளுக்கு இரகசியமாக ஆட்களைக் கொண்டு சேர்க்கும் பணியும் உண்டு. அப்படிப் போய்த் திரும்பாத ஒரு விமானத்தைப் பற்றி நாம் இன்று எதை அறியலாம்? எவ்வாறு அறியலாம்?

இரண்டு விசாரணைகள்

ஒரு விமான விபத்து நேர்ந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. விமானத்திற்கு என்ன நேர்ந்தது என்பது முதற்கேள்வி. விமானத்தில் இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு விடை தேடச் சட்டம் இருக்கிறது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுச் சிவில் விமான உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, விபத்துகளை எவ்வாறு ஆராய வேண்டும் என்று வகுத்துரைக்கிறது. எதிர்கால விபத்துகளைத் தடுப்பது ஒன்றே அவ்வாராய்ச்சியின் நோக்கம். எவர்மீதும் பழி சுமத்துவது அதன் வேலையன்று. எஞ்சினையும் இறக்கையையும் கருவிப் பதிவுகளையும் ஆராய்ந்து அறிக்கை எழுதி முடிப்பார்கள். பறக்கும் கலை இன்று பாதுகாப்பாக இருப்பதற்கு அந்த அறிக்கைகளே காரணம்.

ஆனால் அறிக்கையில் மனிதர்கள் பெரும்பாலும் எண்களாகவே வருகிறார்கள்: பணியாளர் இத்தனை, பயணிகள் இத்தனை, உயிர் பிழைத்தோர் இத்தனை. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர் எந்த ஊர்க்காரர், எதற்காகப் பயணம் செய்தார், அவர் வராத வீட்டில் பிறகு என்ன நடந்தது என்பதை விசாரிக்க எந்தச் சட்டமும் எவரையும் வற்புறுத்துவதில்லை. இந்த இரண்டாவது விசாரணையை யாரேனும் தாமாக முன்வந்து செய்தால்தான் உண்டு. அப்படிச் செய்பவர், முதல் விசாரணையைப் போன்றே சான்றும் அளவும் தவறாமல் செய்ய வேண்டும். இரக்கம் மட்டும் போதாது. ஏனென்றால், இறந்தவரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால் அவர் வந்து திருத்தப்போவதில்லை.

ஒரு வெற்றுக் கட்டம்

புழல் ஏரிக்கே திரும்புவோம். பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் செயற்பாட்டுப் பதிவேடு ஒன்றை வைத்திருந்தது. படிவம் 540 நாள்தோறும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லும். படிவம் 541 ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியே காட்டும். விமானத்தின் எண், குழுவினரின் பெயர்கள், செய்த பணி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் ஆகியவை அதில் கட்டங்களாக இருக்கும். போர்க்காலத்து ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள் இலண்டனுக்கு அருகே கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

நீங்கள் அந்த ஏட்டைப் புரட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நேரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஓரிடத்தில் புறப்பட்ட நேரம் இருக்கிறது. திரும்பிய நேரம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. அல்லது திரும்பவில்லை என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. ஆராய்ச்சி தொடங்கும் இடம் அதுதான். அந்த வரியில் எட்டுப் பத்துப் பெயர்கள் கிடைத்துவிட்டன.

பெயர் கிடைத்தவுடன் கதை எழுதத் தொடங்கிவிடலாமா? கூடாது. முதற்பெயருக்கு ஓர் எழுத்தும் குடும்பப் பெயரும் மட்டுமே ஏட்டில் இருக்கும். அதே பெயரில் படையில் நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆதலால் தொடர்பில்லாத இன்னொரு சான்றோடு ஒப்பிட வேண்டும். 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடு இதற்கு உதவும். அதில் படை எண், பதவி, ஸ்குவாட்ரன், இறந்த தேதி ஆகியவை இருக்கும். பல இடங்களில் வயதும் பெற்றோர் பெயரும் ஊரும்கூட இருக்கும். இரண்டு ஏடுகளும் ஒத்துப்போனால் உங்கள் பெயருக்கு உயிர் வந்துவிட்டது என்று பொருள்.

சில சமயம் அவை ஒத்துப்போகா. இறந்த நாள் ஓர் ஏட்டில் ஒரு தேதியாகவும் மற்றதில் அடுத்த தேதியாகவும் இருக்கும். யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதாவது நம் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஆறரை மணி முன்னால் ஓடியது. விமானப்படையோ பல பதிவுகளைக் கிரீன்விச் நேரத்தில் எழுதியது. புழலில் விடியற்காலை 4 மணி என்றால் கிரீன்விச்சில் முந்தைய நாள் இரவு 9.30. இரண்டு தேதிகளும் சரியாகவே இருக்கக்கூடும்! இவ்வளவு சிறிய கணக்கைப் போடாமல் விட்டால், ஒரு குடும்பம் தவறான நாளில் விளக்கேற்றிக் கொண்டிருக்கும்.

அடுத்தது, அவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைக்கப்பட்ட போர்க்கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் துயில்கின்றனர். தென்னிந்தியாவின் பல இடங்களில் இருந்த கல்லறைகளிலிருந்து அவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். கடலில் மறைந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்களுடைய பெயர்களைத் தேடச் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சிக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நினைவுச்சின்னத்தில் உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கு, கிழக்கு ஆசியக் கடல்களின் மேல் மறைந்த விமானப் படையினரும் அவர்களுள் அடங்குவர். புழலிலிருந்து எழும்பியவரின் பெயர் கடலுக்கு அக்கரையில் ஒரு தூணில் இருப்பதன் காரணம் இதுவே.

41,881 பேரைத் தேடியவர்கள்

ஏட்டிலிருந்து தேடுவது ஒரு வழி. மண்ணில் இறங்கித் தேடுவது இன்னொரு வழி. போர் முடியும் தறுவாயில் பிரிட்டிஷ் விமானப்படை இதற்கென்றே ஒரு தனிப்பிரிவை அமைத்தது. 1945 மே முதல் தேதிக் கணக்கின்படி, இறந்துவிட்டதாகக் கருதப்பட்டும் என்ன ஆனார்கள் என்று தெரியாமலிருந்த விமானப் படையினர் 41,881 பேர்.

தேடச் சென்ற அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார்கள். விமானம் விழுந்ததைப் பார்த்த விவசாயி, உடலைப் புதைத்த பாதிரியார், ஊராட்சிக் கணக்கர் என்று எவரையும் விடவில்லை. எஞ்சினில் பொறித்திருந்த எண்ணைக் கொண்டு விமானத்தை அடையாளம் கண்டார்கள். உடையின் உள்ளே சலவைக்காரர் இட்ட குறியைக் கொண்டு மனிதரை அடையாளம் கண்டார்கள். நம் ஊரில் சலவைத் தொழிலாளி துணியின் ஓரத்தில் மையால் இடும் குறி நினைவுக்கு வருகிறதல்லவா? வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்க இட்ட குறி, ஒரு தாய்க்கு மகன் இருக்குமிடத்தைச் சொல்லப் பயன்பட்டது.

1950 முடிவில் கணக்கெடுத்தபோது 23,881 பேரின் கல்லறைகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. 9,281 பேர் கடலில் மறைந்தவர்கள் என்று முறைப்படி பதியப்பட்டனர். கழித்துப் பாருங்கள்; 8,719 பேர் மீதம். ஐந்து ஆண்டுக்கு மேல் தேடியும் விடை கிடைக்காதவர்கள் அவர்கள். அவ்வலுவலர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இங்கே இருக்கிறது. சான்று கிடைக்காத இடத்தில் அவர்கள் ஊகத்தை எழுதி நிரப்பவில்லை. தெரியவில்லை என்றே எழுதி வைத்தார்கள்.

கடலில் மறைந்த விமானத்தைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுக்கடலின் மேல் பறந்த அக்கால விமானி, தமது வேகத்தையும் திசையையும் சென்ற நேரத்தையும் கொண்டே இருக்குமிடத்தைக் கணித்தார். அவர் அறியாமல் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசியதென்றால், ஐந்து மணி நேரத்தில் 90 கிலோமீட்டர் விலகிப் போயிருப்பார். எந்தப் பக்கம் என்று தெரியாததால் 90 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதையும் தேட வேண்டும். அதன் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல் பதினைந்து மடங்கு!

பிழைத்தவரின் சொல்

ஏடும் மண்ணும் சொல்லாததைச் சில சமயம் பிழைத்தவர் சொல்வார். புழல் ஏரிக்குக் கேட்டலினாக்கள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1942 ஏப்ரல் 4-ஆம் நாள், இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து அதே வகை விமானம் ஒன்று புறப்பட்டது. கனடா விமானப்படையின் 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லியனார்டு பர்ச்சால் அதன் தலைவர். மாலை நெருங்கும் வேளையில், இலங்கைக்குத் தெற்கே வெகு தொலைவில், கொழும்பைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையை அவர்கள் கண்டார்கள். வானொலியில் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன.

விமானத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மூவர் இறந்தனர். எஞ்சிய அறுவரை ஜப்பானியக் கப்பல் ஒன்று கடலிலிருந்து எடுத்துச் சிறைப்படுத்தியது. கொக்கலையில் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாதியில் நின்றுபோன ஒரு வானொலிச் செய்திதான். என்ன நடந்தது என்ற முழுக்கதையும், பிழைத்தவர்கள் 1945-இல் விடுதலையாகி வந்த பிறகே வெளியாயிற்று.

பர்ச்சால் தம் நினைவை மட்டும் நம்பியிருக்கவில்லை. சிறை முகாம்களில் நடந்தவற்றை இரகசியமாக நாட்குறிப்பாக எழுதிப் புதைத்து வைத்தார். போருக்குப் பின் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் அக்குறிப்புகள் சான்றாயின. நடந்தபோதே எழுதப்பட்டது என்பதே அவற்றின் மதிப்பு. மனித நினைவு புகைப்படம் அன்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது சிறிது மாறுகிறது. பிறர் சொன்னதும் செய்தித்தாளில் படித்ததும் அதில் கலந்துவிடுகின்றன. பேரதிர்ச்சியில் சில நொடிகள் பல நிமிடமாகத் தோன்றும். ஆகவே பிழைத்தவர் கூறும் நேரத்தையும் வரிசையையும் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். அவர் கண்டதும் கேட்டதும் அஞ்சியதும் வேறெந்த ஏட்டிலும் கிடைக்காதவை. அவற்றை அவர் சொன்னவாறே பதிய வேண்டும்.

எல்லோரும் பிழைத்துவிட்டால் கதையே இல்லை என்று நினைக்கவும் கூடாது. 1979 ஏப்ரல் 26-இல் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வந்த போயிங் 737 விமானத்தின் முன்பக்கக் கழிப்பறையில் குண்டு வெடித்தது. கருவிகள் செயலிழந்த நிலையிலும் விமானி அதனை மீனம்பாக்கத்தில் இறக்கினார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நின்றது. அதிலிருந்த 67 பேரும் உயிர் தப்பினர். மரணம் இல்லாததால் இந்நிகழ்ச்சி பலருக்கு நினைவில்லை. அந்த 67 பேரும் அந்நிமிடங்களை எப்படிக் கடந்தார்கள் என்பதும் வரலாறே ஆகும்.

பெயர் பெற்றவர்களும் மற்றவர்களும்

1973 மே 31-ஆம் நாள் இரவு, சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், பாலம் விமானநிலையத்தை நெருங்குகையில் மோசமான வானிலையில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தனர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கோவைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அவர்களுள் இருந்தார்கள். இவ்விரு பெயர்களையும் தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது, அது தகும். ஆனால் அன்று அவர்களோடு இறந்த பணிப்பெண்கள், அலுவலர்கள், சாதாரணப் பயணிகள்? பிழைத்த 17 பேர்? ‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அவர்கள் அடங்கிப் போனார்கள்.

பயணிகள் பட்டியலிலேயே இடம்பெறாதவர்களும் உண்டு. 2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்களின் மீது விழுந்ததால் தரையில் இருந்த 19 பேரும் மாண்டனர். பயணச்சீட்டு வாங்காதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. விமானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர் இவர்களைத் தவறவிட்டுவிடுவார்.

தனியொருவராகப் பிழைத்தவரைப் பற்றியும் ஒரு சொல். எப்படித் தப்பினீர்கள் என்று உலகமே அவரைக் கேட்கும். அவரோ இறந்தவர்களை எண்ணிக் கொண்டிருப்பார். பேச விரும்பாத உரிமை அவருக்கு உண்டு. நாம் காத்திருக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

கடலடியில் ஏழரை ஆண்டு

போர்க்காலத்தோடு இந்தத் தேடல் முடிந்துவிடவில்லை. புழல் விமானங்கள் பறந்த அதே கடலில் நம் காலத்திலும் விமானங்கள் மறைந்திருக்கின்றன. 2015 ஜூன் 8-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு காணாமற்போயிற்று. நீரில் மூழ்கிய விமானம் இருக்குமிடத்தை ஒலித்துடிப்பால் அறிவிக்கும் சிறு கருவி ஒன்றுண்டு. அதன் ஒலியை நம் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டறிந்தது. பிறகு ஜூலை மாதத்தில், ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்திலிருந்து பறப்புப் பதிவுப் பெட்டி மீட்கப்பட்டது.

2016 ஜூலை 22-ஆம் நாள் காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் அன்டனோவ்-32 விமானத்திற்கு அத்தகைய விடை விரைவில் கிடைக்கவில்லை. அதில் 29 பேர் இருந்தார்கள். அவர்களுள் எட்டுப் பேர் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அனைவரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

‘கருதப்படுகிறது’ என்ற சொல்லின் கனத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிச் செய்தியே இல்லையென்றால், உயிரோடிருக்கிறார் என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் கூறியது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதையே சொல்கிறது. சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. மனத்திற்கு அந்த எல்லை இல்லை. உடலைக் காணாத வீட்டில் வாசற்கதவு தட்டப்படும்போதெல்லாம் யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்.

2024 ஜனவரியில் விடை வந்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி ஊர்தி, கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் கடல் தரையைத் துழாவியபோது விமானத்தின் சிதைவுகளைப் படம்பிடித்தது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 340 மடங்கு. வெளிச்சம் சிறிதும் கிடையாது. ஆதலால் ஒலிதான் கண். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். மேலேயிருந்து அனுப்பிய ஒலி அடிமட்டத்தில் பட்டுத் திரும்ப நாலரை நொடி ஆகிவிடும். அவ்வளவு தொலைவிலிருந்து கேட்டால் சிறு பொருள்கள் தெளிவாகத் தெரியா. அதனால்தான் ஊர்தியையே தரைக்கு அருகில் அனுப்பி, ஒலிப்படமும் ஒளிப்படமும் எடுக்கிறார்கள். அப்பகுதியில் வேறு விமானம் மறைந்ததாகப் பதிவு இல்லை என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தே, அது காணாமற்போன விமானத்தின் சிதைவாக இருக்கலாம் என்று அரசு அறிவித்தது. ஏழரை ஆண்டுக் காத்திருப்புக்குப் பின்னும் அவ்வளவு எச்சரிக்கையாகச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கவனியுங்கள். அந்த எச்சரிக்கையும் குடும்பங்களுக்குக் காட்டும் மரியாதையே ஆகும்.

உங்கள் கையில் உள்ள ஏடு

மாணவ நண்பர்களே! இதையெல்லாம் படித்துவிட்டு, கியூவும் கிராஞ்சியும் எங்கேயோ இருக்கின்றன, நாம் என்ன செய்ய முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். படிவம் 541-இல் விமானத்தில் பறந்தவர்களின் பெயர் மட்டுமே உண்டு என்று சொன்னேன். புழல் ஏரியில் பறக்கும் படகுக்கு எரிபொருள் ஏற்றியவர் யார்? கயிறு கட்டி இழுத்தவர் யார்? சமைத்தவர், துணி வெளுத்தவர் யார்? விமானக் குழுவினர் புறப்படும்போது கடைசியாகப் பார்த்தவர்களுள் இவர்களும் இருந்திருப்பார்கள். இவர்கள் பெயர் அந்தப் படிவத்தில் இல்லை. அவை எழுதப்படாத ஏட்டில், அதாவது ஊர்ப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கக்கூடும்.

1944-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. அந்த ஏடு நாளுக்கு நாள் மூடிக்கொண்டே வருகிறது. புழல், செங்குன்றம், சோழவரம், மாதவரம் பக்கத்தில் உங்களுக்கு உறவினர் இருந்தால், இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே போய்ப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ இல்லாவிட்டால், அவர்கள் சொல்லக் கேட்ட மகனோ மகளோ இருப்பார்.

கேட்கும் முறை ஒன்று உண்டு. ‘ஏரியில் விமானம் இறங்கிய ஆண்டு எது?’ என்று கேட்காதீர்கள்; ஆண்டு எவருக்கும் நினைவிராது. மக்கள் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஓடியதற்கு முன்பா பின்பா, 1943 வெள்ளத்திற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். நாமாக விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். உங்கள் கருத்தைத் தனியே எழுதுங்கள். தாமே கண்டாரா, கேட்டறிந்தாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது, எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை மேலே எழுத மறக்காதீர்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, வெளியிடலாமா என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொன்னால் விட்டுவிடுங்கள். ஒருவர் சொன்னதை வைத்து முடிவுகட்டாமல் இன்னொருவரையும் கேளுங்கள். நாற்பதாயிரம் பேரைத் தேடிய அலுவலர்கள் கையாண்ட முறையும் ஏறக்குறைய இதுவேதான்.

அப்படி ஒரு பெயர் கிடைத்தால், ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும், அதை ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி, உங்கள் பள்ளி நூலகத்திலோ ஊர் நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். அடுத்த முறை புழல் ஏரிக்கரையில் நிற்கும்போது நீர்மட்டத்தைப் பார்ப்பதோடு கிழக்கு வானத்தையும் ஒரு கணம் பாருங்கள். அந்த வழியாகப் போனவர்களில் சிலருக்குத் திரும்பிய நேரம் இன்னும் எழுதப்படவில்லை.